மனை முதலீடு கற்றுத்தருபவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு-மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் பதிவான மனைத் திட்டத்தை ஒரு தரகர் விற்றுக்கொடுக்க வேண்டுமானால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி அவரும் பதிவு பெற்றாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் தரகர்களுக்குத் தேர்வே வைக்கிறார்கள். பத்திர எழுத்தருக்கு உரிமம் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்ல பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பதிவு வேண்டும். 'நிலத்தில் போட்டு நிம்மதியாக வாழ்வது எப்படி' என்று மேடை போட்டுக் கற்றுத்தருபவருக்கு மட்டும் இவற்றில் எதுவும் தேவையில்லை. மண்டபமும் மைக்கும் இருந்தால் அவர் ஆசிரியர். அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் கட்டணம் கட்டுகிறவர் தலையில் விழுகிறது.

முதல் தவறு, ஆளின் வசதியைப் பார்த்து அறிவை அளப்பது. கார், வீடு, வெளிநாட்டுப் பயணப் படங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பணம் நிலத்திலிருந்து வந்ததா, வகுப்பிலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு வகுப்புக்கு 200 பேர், தலைக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார இறுதியில் 30 லட்சம் ரூபாய் வசூலாகிவிடும். எந்த மனையும் இவ்வளவு வேகமாகச் சம்பாதித்துத் தராது.

பிரபலத்தின் பெயரை நம்புவதும் இதே வகைத் தவறுதான். அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய டிரம்ப் பல்கலைக்கழகம் இதற்குப் பதிவான சான்று. இலவசக் கூட்டத்தில் தொடங்கி, 1,495 டாலர் வகுப்புக்கு இழுத்து, அங்கிருந்து 34,995 டாலர் வரையிலான உயர்நிலைப் பயிற்சிக்குத் தள்ளினார்கள். ஆசிரியர்கள் டிரம்ப்பே தேர்ந்தெடுத்தவர்கள் என்றது விளம்பரம். அவர் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வழக்கில் வெளிவந்தது. 2016 நவம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். இலவசம், பிறகு கொஞ்சம், பிறகு பெருந்தொகை என்ற அந்த ஏணியை நம் ஊர் மண்டபங்களிலும் பார்க்கலாம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? தமிழ்நாட்டில் இதற்கு விடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பயன்படுத்தாமல் விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஆசிரியர் மேடையில், 'எட்டு லட்சத்துக்கு வாங்கினேன், இருபத்து நான்கு லட்சத்துக்கு விற்றேன்' என்கிறார். கை தட்டுவதற்கு முன் அந்த இடத்தின் கிராமம், புல எண் (சர்வே நம்பர்), ஆவண எண் ஆகியவற்றைக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். எழுதிக்கொடுத்தவர் யார், எழுதிவாங்கியவர் யார், பதிவான நாள், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை (விலையாகக் கொடுத்த பணம்), சந்தை மதிப்பு எல்லாம் வரிசையாக வரும். அவர் பெயர் எழுதிவாங்கியவர் பக்கத்தில் ஒரு முறையும், எழுதிக்கொடுத்தவர் பக்கத்தில் ஒரு முறையும் வந்திருந்தால், அவர் சொன்ன கதைக்கு உயிர் இருக்கிறது. இப்போது விலை பேசிக்கொண்டிருக்கும் இடத்தைச் சொல்ல அவர் தயங்கலாம், அது தொழில் ரகசியம். விற்று முடித்து ஐந்து வருடமான மனையில் என்ன ரகசியம்?

'பத்திரத்தில் தொகையைக் குறைத்துத்தான் காட்டியிருப்போம், அதைப் பார்த்தால் தெரியாது' என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வரி ஏய்ப்பை மைக்கில் ஒப்புக்கொள்பவரிடம் பணம் கட்டி எதைக் கற்பது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது கணக்கு. '20 லட்சத்துக்கு வாங்கிய மனை ஐந்தே வருடத்தில் 30 லட்சம், 50 விழுக்காடு லாபம்' என்று பலகையில் எழுதிக் காட்டுவார்கள். நாமும் வருடத்துக்குப் பத்து விழுக்காடு என்று மனத்துக்குள் போட்டுக்கொள்கிறோம். இப்போதைய நிலவரப்படி முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, அதற்கே 1.8 லட்சம். தரகு 2 விழுக்காடு என்றால் இன்னொரு 40 ஆயிரம். ஆக, கையிலிருந்து போனது 22.2 லட்சம். விற்கும்போது தரகு 60 ஆயிரம் போனால் மீதி 29.4 லட்சம். நிகர லாபம் 7.2 லட்சம், அதற்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு, செஸ் வரியும் சேர்ந்தால் சுமார் 94 ஆயிரம். கைக்கு வருவது ஏறத்தாழ 28.46 லட்சம். ஆண்டுக் கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். வேலி போட்ட செலவையும் முள்ளை வெட்டிய கூலியையும் இன்னும் கழிக்கவில்லை. 'இதை வங்கி வைப்புத்தொகையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்' என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். கணக்குத் தெரிந்தவர் உட்கார்ந்து போட்டுக் காட்டுவார். மற்றவர் 'எதிர்மறையாகச் சிந்திக்கக் கூடாது' என்பார்.

ஏறுமுகக் காலத்தில் வாங்கியவரையெல்லாம் மேதை என்று நினைப்பதும் நம் வழக்கம். அதற்கு ஒரே கேள்வி போதும்: '2016-17-இல் உங்கள் கையில் என்ன இருந்தது, என்ன செய்தீர்கள்?' 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது. 2017 மே மாதம் அந்த மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்பட்டது; ஜூனில், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக ஏற்றினார்கள். நிலத்தை உண்மையிலேயே கையில் வைத்திருந்த எவருக்கும் அந்த மாதங்கள் மறக்காது. எந்த மனை முடங்கியது, வரன்முறைக்கு என்ன கட்டினோம், எதை அடிமாட்டு விலைக்குத் தள்ளினோம் என்று மூச்சுவிடாமல் சொல்வார். 2019-இல்தான் தொழிலுக்கு வந்தேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் அதுவும் நல்ல பதில்தான். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை அதற்கேற்ப யோசிக்கலாம்.

சட்ட அறிவைச் சோதிக்க வழக்கறிஞராக இருக்கத் தேவையில்லை. 'வில்லங்கம் இல்லையென்றால் இடம் சுத்தம்தானே?' என்று அப்பாவியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடலாம். பதிவுக்கு வராத ஒப்பந்தம், நிலுவையிலுள்ள வழக்கு, வாரிசுகளுக்குள் இருக்கும் பங்குத் தகராறு ஆகியவை வில்லங்கச் சான்றில் வராமலே போகலாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதை மட்டும் வைத்து உரிமையை முடிவு செய்ய முடியாது. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்துச் செய்யும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகள்களின் கையெழுத்து ஏன் வேண்டும், பட்டியல் சமூகத்தாருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையும் கோயில் நிலத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவருக்கு அரிச்சுவடி. இதைச் சொல்லாமல் மூன்று மணி நேரம் 'மனநிலை' பற்றி மட்டும் பேசுகிறவர் வேறு எதையோ விற்கிறார்.

பல சமயம் அவர் விற்பது மனையைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு, மதியம் சாப்பாடு, மாலை வேனில் ஏற்றித் திண்டிவனம் பக்கம் 'நேரடிப் பாடம்'. அங்கே கல் நட்ட மனைகள், வண்ணக் கொடிகள், 'மாணவர்களுக்கு மட்டும் இன்று சலுகை' என்ற அறிவிப்பு, அட்வான்ஸ் வாங்க ஒரு மேசை. தரகருக்கான ரெரா பதிவு எண்ணைப் பெரிதாக எழுதியும் வைத்திருப்பார்கள். அந்த எண் அவர் தரகர் என்பதற்குச் சான்று. கற்றுத்தரத் தகுதி உள்ளவர் என்பதற்கு ஆகாது. ஆசிரியரே விற்பனையாளராக இருப்பது குற்றமில்லை. ஆனால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும், தனக்கு எவ்வளவு தரகு வருகிறது என்பதோடு சேர்த்து. மறைத்தவரிடம் அந்த வேனில் ஏறாதீர்கள். ஏறினாலும் காசோலைப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இதைவிட ஆபத்தானது 'கூட்டு முதலீடு'. மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு லட்சம் வாங்கி, ஒரு இடத்தை மொத்தமாக வாங்கி, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்காது. கையில் ஒரு ஒப்பந்தத் தாள் இருக்கும். நிதி நிறுவனங்களில் போட்டுப் பலர் பணத்தை இழந்த பிறகு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை 1997-இல் கொண்டுவந்தது. ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-இல் வந்தது. இரண்டையும் பற்றி ஆசிரியரிடமே கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

மாணவர் சாட்சிக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசுகிறவர் வாங்கிய மனையைப் பற்றிப் பேசுகிறாரா, வகுப்பு தந்த உற்சாகத்தைப் பற்றியா என்று மட்டும் கவனியுங்கள். சட்டகம் போட்ட சான்றிதழ்களும் விருதுகளும் அதே கணக்கில்தான் சேரும்.

கட்டணம் கட்டுவதாக முடிவு செய்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். பணம் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். தவறான விளம்பரத்தை நம்பி ஏமாந்ததாகத் தெரிந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணை முதலில் அழைத்துப் பார்க்கலாம்; வழக்குக்குப் போகாமலே முடிகிற சங்கதிகளும் உண்டு.