ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ரங்கூனில் நர்ஸாக இருக்கிறேன். வேளை தவறாமல் மாத்திரை போடுங்கள் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. போன வாரம் ஒரு தங்கச்சி, நிற்காத மாதவிடாய்க்குக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பாதி தீர்த்த நிலையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். 38 வயதில் நான் அடித்த அதே கூத்து.

பாதியில் நிறுத்துவது

தூரம், அதாவது மாதவிடாய், எட்டு நாளைத் தாண்டினாலே நீளம்தான். எனக்கு அப்போது பதினாலு நாள். டாக்டர் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதினார்: 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று, 10 நாள். மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகுமே என்று அட்டையை மடித்து அஞ்சறைப்பெட்டிக்குள் வைத்தேன். அதற்கப்புறம் மூன்றாம் நாள், பஸ்ஸில் கைலி நனைந்தது. பயந்துபோய் மறுபடி நாலு நாள் போட்டேன். நின்றது, விட்டேன், வந்தது. மருந்துக்கடைக்காரர், "இது உங்களுக்குக் கேட்கல, இன்னொரு அட்டை எடுத்துக்குங்க" என்றார். நர்ஸ் நான், தலையாட்டினேன்! இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. மாடிப்படி பாதியில் உட்கார்ந்துதான் ஏறினேன்.

கருமுட்டை வெளிவராத மாதத்தில் ப்ரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், அங்கங்கே பிய்ந்து ஒழுகும். பெரும்பாட்டுக்கு, அதாவது அளவு மீறிய உதிரப்போக்குக்கு, இது ஒரு முக்கியக் காரணம். மாத்திரை அந்த ஹார்மோனின் இடத்தில் நின்று சவ்வுக்கு முட்டுக் கொடுக்கிறது. நடுவில் முட்டுக்கொம்பை உருவினால் பந்தல் சரியாமல் என்ன செய்யும்?

பத்து நாளும் முடித்தாலும் இரண்டு முதல் நாலு நாளில் ரத்தம் வரத்தான் செய்யும். பதமான சவ்வு மொத்தமாகக் கழன்று வருகிறது, அவ்வளவுதான். மருந்து தோற்றுவிட்டது என்று அடுத்த அட்டையை உடைக்காதீர்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதை எழுதிக் கொடுத்தாலும் கேட்பதில்லை. எரிச்சலாக வருகிறது.

கர்ப்பமா என்று பார்க்காமல் தொடங்குவது

முதலில் டெஸ்ட். பிறகு மாத்திரை.

அட்டையைக் கைமாற்றுவது

பீலிக்கான் கோயில் தீமிதி நெருங்கினால் போதும், தூரத்தைத் தள்ளிப்போட இதே மாத்திரை வீட்டுக்கு வீடு போகும். காலில் ரத்தம் உறைந்த அக்காவுக்கும் போகும். அவள் இதைத் தொடவே கூடாது. இப்படித் தள்ளிப்போடும் நாட்களில் கர்ப்பம் தங்காது என்ற நம்பிக்கை வேறு. தங்கும்.

டாக்டரிடம் மறைப்பது

மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டிருந்தால் சொல்லுங்கள். சொட்டுச் சொட்டாக நீள்வதற்கு அந்த ஊசியே காரணமாயிருக்கலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலும் சொல்லுங்கள். அது ஹார்மோனின் வேகத்தைக் குறைத்துவிடும்.

45 வயதுக்கு மேல், ரத்தம் நின்றுவிட்டதே என்று இருந்துவிடுவது

ஸ்கேன் எடுக்க வேண்டும். உள்சவ்வில் துளி எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லலாம். போங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது

இந்த ஊரில் இதைச் சொல்லி ஜெயித்தவர் இல்லை. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், தாயே.