பிளாஸ்டிக் கழிவைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் விளக்குவது எப்படி? ஒரு வாளித் தண்ணீரோடு தொடங்கும் செய்முறை

திருகோணமலையில் சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ பிளாஸ்டிக் கழிவைப் பற்றி முதன்முறையாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்களை அழைப்பது, கிராம உத்தியோகத்தருக்கு அறிவிப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கரைவலை இழுக்கும் நேரத்திலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் கூட்டம் வைக்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதலாம் படி: பிரித்த பொருள் எங்கே போகும்?

பேச்சைத் தயாரிக்கும் முன்னர், பழைய பொருட்களை வாங்கும் வியாபாரி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். என்னுடைய முதல் கூட்டத்தில் நான் இதைச் செய்யவில்லை. ஒரு மணி நேரம் பேசினேன். சனங்களும் மனமுவந்து போத்தல்களைப் பிரித்து உரப்பைகளில் கட்டி வைத்தார்கள். எடுப்பதற்கு ஆளில்லாமல் அவை மாரி மழையில் நனைந்து கிடந்தபோது, ஒரு அம்மா வீதியில் என்னை மறித்து, "தம்பி, உங்கட குப்பையை எப்ப வந்து எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். அது அவருடைய குப்பையாக இருந்து என்னுடைய குப்பையாக மாறிவிட்டது. அந்த ஊரில் மறுபடி கூட்டம் வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

வியாபாரியிடம் மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எதை எடுப்பார், எதை எடுக்கமாட்டார், எத்தனை கிலோ சேர்ந்தால் ஊருக்கே வருவார். பெரும்பாலும் தண்ணீர்ப் போத்தலையும் தடித்த கான்களையும் எடுப்பார்கள். லஞ்ச் ஷீட்டையும் பிஸ்கட் உறைகளையும் எடுக்கமாட்டார்கள். ஒன்றரை லீற்றர் போத்தல்கள் ஏறக்குறைய 30 சேர்ந்தால்தான் ஒரு கிலோ வரும் என்பதால், வீடுவீடாகச் சேர்ப்பதைவிட ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் சேர்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இரண்டாம் படி: வாளிச் சோதனை

படம் காட்டும் கருவியை வாடகைக்கு எடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு வெள்ளை வாளியும் நல்ல கத்தரிக்கோலும் வாங்கலாம். வெள்ளை வாளி என்றால்தான் உள்ளே கிடப்பது பின்வரிசைக்கும் தெரியும். கூடியிருப்பவர்களிடமே ஒரு தண்ணீர்ப் போத்தலை வாங்கி, அதன் உடலில் ஒரு துண்டையும் மூடியில் ஒரு துண்டையும் வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மூடித் துண்டு மிதக்கும், உடல் துண்டு தாழும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று அச்சிட்டிருக்கும் போத்தல் பிளாஸ்டிக், தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தியானது. மூடி செய்யப்படும் பிளாஸ்டிக்கோ தண்ணீரைவிட இலேசானது. ஒரே போத்தலில் இரண்டு வேறு பொருட்கள் இருப்பதைக் கண்ணால் கண்டவருக்கு, மூடியைக் கழற்றித் தாருங்கள் என்று இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதல்முறை செய்தபோது இரண்டு துண்டுகளும் மிதந்தன. முன்வரிசைச் சிறுவர்கள் சிரித்தார்கள், நான் வேர்த்துப் போய் நின்றேன். மெல்லிய துண்டைத் தண்ணீரின்மேல் தட்டையாக வைத்தால் நீரின் பரப்பிழுவை அதைத் தாங்கிக்கொள்ளும். ஓரங்களில் ஒட்டும் காற்றுக்குமிழிகளும் துண்டைத் தூக்கிப் பிடிக்கும். ஆகவே, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை முன்கூட்டியே தண்ணீரில் கலந்துவிட்டு, துண்டை விரலால் முழுவதும் அமிழ்த்தி, குமிழிகள் போகத் தேய்த்துவிட்டுக் கையை எடுங்கள். கூட்டத்துக்கு முதல்நாள் வீட்டில் ஒருமுறை செய்துபாருங்கள்.

மூன்றாம் படி: உடல்நலம்

பிளாஸ்டிக் நிறைந்த திமிங்கில வயிற்றின் படம் வேண்டாம். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறிப்போகும் வழியில், சாப்பாட்டு வாசனைக்காகப் பொலித்தீனை மெல்லும் மானைக் காணாதவர் இங்கே குறைவு. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கிவிடும் என்று சொன்னால் போதும். உடனே பேச்சை வீட்டுப் பக்கம் திருப்புங்கள்.

வீட்டில் பேசவேண்டியவை இரண்டு. முதலாவது நுளம்பு. மழைக்குப் பின் வளவில் கிடக்கும் யோகட் கோப்பை ஒன்றைக் கூத்தம்பிகளோடு (நுளம்புப் புழுக்களோடு) எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கையின் நிழல் பட்டதும் அவை நெளிந்து அடிக்குப் போவதைப் பார்த்தபின் கூட்டம் தானாகவே அமைதியாகிவிடும். டெங்கு நுளம்பின் முட்டை பொரித்து நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். காய்ந்த முட்டைகளோ மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே, தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவவேண்டும். காட்டி முடித்ததும் கோப்பையை வெயில் படும் காய்ந்த மணலில் கவிழ்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அடுப்பு. குப்பையை எரிக்காதீர்கள் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; அடுத்தநாள் காலையில் அடுப்பு மூட்ட ஒரு சொப்பிங் பையைத்தான் கொளுத்துவார்கள், ஏனென்றால் அதைக் குப்பை எரிப்பதாக யாரும் நினைப்பதில்லை. அடுப்படியில் நிற்பவர் அந்தப் புகையை நேரே சுவாசிக்கிறார். பீவீசீ வகைப் பொருள் அதில் கலந்துவிட்டால் டயொக்சின் எனும் நச்சும் உண்டாகும். கண்டிக்காமல், காய்ந்த பன்னாடையில் நெருப்பு எவ்வளவு விரைவாகப் பற்றுகிறது என்று அங்கேயே கொளுத்திக் காட்டுங்கள்.

நான்காம் படி: ஒரேயொரு பழக்கம்

ஒரு கூட்டத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் கேளுங்கள். நான் தெரிந்தெடுப்பது, மீன் வாங்கும்போது பொலித்தீன் பையை வாங்காமல் வீட்டிலிருந்தே ஏதாவது கொண்டுபோவதை. துணிப்பை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒருநாள் சூடைமீன் வாங்கினால் அந்தப் பையை எவரும் மறுபடி தொடமாட்டார்கள். முன்பு மீன் வாங்க உமல் என்ற பனையோலைப் பை இருந்தது. இன்று கிடைத்தால் மிக நல்லது, கிடைக்காவிட்டால் மூடியுள்ள பழைய வாளியே போதும். பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்தவர் பிளாஸ்டிக் வாளியைச் சிபாரிசு செய்யலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து வருடம் பயன்படும் வாளியும் பத்து நிமிடம் பயன்படும் பையும் ஒன்றல்ல.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லுங்கள்: இலங்கையில் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பரிலும், ஒருமுறை பயன்படுத்தும் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு முதலியவை 2023 ஒக்டோபரிலும் தடைசெய்யப்பட்டன. இதைச் சொல்லும் கூட்டத்தில் தேநீர் பிளாஸ்டிக் கோப்பையில் வந்துவிடாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்; எனக்கு ஒருமுறை வந்தது.

பிற்சேர்க்கை: மாரியில் பன்னாடை ஈரமாகிவிடுகிறதே, எதைக் கொண்டு அடுப்பை மூட்டுவது என்று மூதூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நான் இதை யோசித்திருக்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு ஆச்சிதான் வழி சொன்னார்: புரட்டாதிக்குள் பன்னாடையையும் பாளையையும் சேர்த்து அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கிவிட்டால், அன்றாடம் எழும் சூட்டிலேயே தை வரைக்கும் அவை காய்ந்தபடி இருக்கும். பரண் இல்லாத வீடுகளில், மூடி இறுக்கமாக இருக்கும் பழைய பெயின்ற் வாளியில் சிரட்டைகளை உடைத்துப் போட்டு வையுங்கள்.