"ங்க" உதிரும் இடத்தில் நாவைப் பிடிப்பது

கொங்குப் பேச்சில் கோபத்தை முதலில் காட்டிக்கொடுப்பது "ங்க"தான். "சொல்லுங்க", "ஏனுங்க" என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, "என்ன சொன்ன?" என்று ஒரே சொல்லில் மாறிவிடும். நாவடக்கம் பழக நினைக்கும் விசுவாசி முதலில் தன் காதைப் பழக்கட்டும். தன் வாயிலிருந்து "ங்க" உதிர்ந்த நொடி, பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். தறி ஓடும் வீட்டில் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவார்கள், குரலை வைத்துக் கோபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளிடம் "ங்க" கிடையாது. அங்கே "கண்ணு", "சாமி" காணாமல் போவதைக் கவனியுங்கள்.

"இனி யாரையும் திட்டமாட்டேன்" என்று ஞாயிறு ஆராதனையில் எடுக்கும் தீர்மானம் புதன்வரை தாங்குவதே அபூர்வம். அவ்வளவு பெரிதாக எடுக்கக் கூடாது. ஒரு ஆள், ஒரு வேளை, ஒரு வாரம் போதும். மாமியாரிடம் காலைச் சமையல் நேரத்தில், அல்லது பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளக் கணக்குப் பார்க்கும்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். பசியோடு அந்த வேளைக்குள் போகாதீர்கள். கணக்குப் பார்க்கும் முன் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுவது ஆவிக்குரிய காரியம் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது என்று யாக்கோபு 3:8 சொல்கிறது. அதனால் ஜெபம்தான் தொடக்கம். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்; என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" என்ற சங்கீதம் 141:3 மனப்பாடமாக இருக்கட்டும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே கால் வைக்கும் முன், அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லுங்கள்.

யாக்கோபின் அதே மூன்றாம் அதிகாரம் குதிரையின் கடிவாளத்தைப் பற்றிப் பேசுகிறது. காங்கேயம் மாடு வளர்ப்பவருக்கு மூக்கணாங்கயிறு என்றால் சட்டென்று புரியும். காளை மிரண்டு ஓடும்போது மூக்குக் குத்த முடியாது. கோபத்தில் புதுச் சொல் வராது, பழகிய சொல்தான் வரும். ஆகவே மனம் அமைதியாக இருக்கும்போதே ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் பழகுங்கள்: "சித்த இருங்க, ரோசன பண்ணிச் சொல்றனுங்க." படுக்கும் முன் பத்து முறை, ஒரு வாரம். நேரம் வரும்போது எதிராளி பேசி முடிக்கும்வரை கேளுங்கள், மூன்று முறை மூச்சை இழுத்து விடுங்கள், பிறகு இதைச் சொல்லுங்கள். கேட்குமுன் உத்தரம் சொல்வதைப் புத்தியீனம் என்கிறது நீதிமொழிகள் 18:13.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "சித்த இருங்க" என்றவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் அடக்கம் இல்லை. வாயைத் திறக்காமல் திட்டுவது அது. எனவே நேரமும் சொல்லிவிடுங்கள்: "பொழுது சாயறதுக்குள்ள பேசிப்போடலாமுங்க." எபேசியர் 4:26 கேட்பதும் அதைத்தான்.

கோபத்தைவிடப் பிடிக்கக் கடினமானது ஜெபக்குறிப்பாக வேடம் போட்டு வரும் புறணி. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று தொடங்கினால் உடனே உங்களையே கேளுங்கள்: சம்பந்தப்பட்டவர் இதைச் சொல்லச் சம்மதித்தாரா? பெயரை விட்டுவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்காதீர்கள். "கிழக்காலத் தோட்டத்துக்காரங்க" என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். சம்மதம் இல்லையென்றால் "ஒரு குடும்பத்துக்குச் சமாதானம் வேணும்" என்பதோடு நிறுத்துங்கள். விறகில்லாமல் நெருப்பு அவியும் என்ற நீதிமொழிகள் 26:20-க்கு அதைவிட நேரான கீழ்ப்படிதல் இல்லை. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அனுப்பும் முன் ஒருமுறை நீங்களே கேளுங்கள். பாதி அழிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. அடி, உதை, பிள்ளைகள்மேல் நடக்கும் கொடுமை ஆகியவற்றை மறைப்பதற்கு நாவடக்கம் என்று பெயர் சூட்டக் கூடாது. அங்கே பேசியே ஆக வேண்டும். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மற்ற மனத்தாங்கலுக்கு மத்தேயு 18:15 காட்டும் வழி போதும்: முதலில் அவரிடமே, தனியாக.

தவறத்தான் செய்வீர்கள். தவறினால் அன்றைக்கே, சொன்ன சொல்லையே எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்: "காத்தால உங்க பொறந்த வூட்டப் பத்திப் பேசுனது தப்புங்க, மன்னிச்சுக்கோங்க." அதோடு முற்றுப்புள்ளி. "ஆனா", "நீங்களுந்தான்" எது சேர்ந்தாலும் மன்னிப்பு மறுபடி சண்டையாகிவிடும். பிள்ளைகள் முன் பேசியிருந்தால் பிள்ளைகள் முன்னாலேயே கேளுங்கள். எதிராளி பதில் சொல்லவில்லையென்றால் நச்சரிக்காமல் எழுந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள்.