வன்னி வீதிகளுக்கு விக்கியில் கட்டுரை எழுதுவோருக்கு

ஒரு வீதிக்கு ஒரு கட்டுரை போதும். தலைப்பை வீதி இலக்கத்தில் வையுங்கள்: ஏ9, ஏ34, ஏ35. இலக்கம் ஊருக்கு ஊர் மாறாது, பெயர் மாறும். வவுனியா நகரிலேயே ஏ9 ஒரு பக்கம் கண்டி வீதி, மறுபக்கம் யாழ் வீதி. யாழ்ப்பாணம் போனால் அதுவே திரும்பவும் கண்டி வீதி.

அதற்காக ஊர்ப் பெயர்களை விட்டுவிடாதீர்கள், சனம் தேடுவது அவற்றைத்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் திறந்து, #வழிமாற்று என்று எழுதி, அதற்கு அருகில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் கட்டுரைத் தலைப்பைப் போட்டால் சரி, அந்தப் பெயரைத் தேடுபவர் நேரே கட்டுரைக்குப் போய்விடுவார்.

கவனிக்க வேண்டிய இடம் முல்லைத்தீவு வீதி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போவது ஏ34. பரந்தனிலிருந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு வழியாகப் போவது ஏ35. இரண்டும் முல்லைத்தீவுக்குத்தான். இந்தப் பெயரை ஒன்றுக்கு மட்டும் வழிமாற்றினால் மற்ற வீதியைத் தேடி வருபவர் தவறான பக்கத்தில் நிற்பார். இங்கே பக்கவழி நெறிப்படுத்தல் பக்கமே, அதாவது ஒரே பெயருக்குரிய கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கமே பொருத்தம். அதில் ஒவ்வொரு வீதியும் தொடங்கும் சந்தியையும் இடையில் வரும் ஊர்களையும் கட்டாயம் எழுதுங்கள். வெறும் இலக்கம் பார்த்து ஆருக்கும் விளங்காது.

கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்பு இடும்போது ஏ9க்கு வரிசைச் சாவியை (பட்டியலில் அது வரும் இடத்தைத் தீர்மானிப்பது) 09 என்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஏ30, ஏ32 எல்லாம் அதற்கு முன்னால் வந்துவிடலாம்.