அன்னாசியை எங்கே கொண்டுபோகக் கூடாது: தைவானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தைவான் வந்த மூன்றாவது மாதம், அறைத்தோழனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகும்போது நல்ல அன்னாசியாக ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் இருந்த செவிலியர் பழத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சிரித்துக்கொண்டே, அதை உடனே பைக்குள் வைக்கச் சொன்னார். காரணம் அப்புறம்தான் தெரிந்தது.

மாண்டரினில் அன்னாசிக்கு 'ஃபெங்லீ' என்று பெயர். தைவானிய ஹொக்கியன் பேச்சில் 'ஓங்லாய்'. 'செழிப்பு வருகிறது' என்பதற்கும் அதே ஓசைதான். (நம் 'ஓங்குக'வை நினைத்துக்கொண்டால் மறக்காது.) அதனால் கடைத்திறப்பு, புதுமனை, சந்திரப் புத்தாண்டு எதற்கும் தைரியமாகக் கொடுக்கலாம். ஆனால் மருத்துவமனையிலும் தீயணைப்பு நிலையத்திலும் வேலை 'ஓங்கினால்' என்ன ஆகும்? இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு அன்னாசி கேக்கைக்கூட நீட்டாதீர்கள்.

இனி வாங்குவது. சீசன் உச்சம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. பிங்டுங், தைனான், காவ்சியுங் என்று தெற்கிலிருந்துதான் நிறைய வரும். கடைப்பலகையில் இருக்கும் விலை கிலோவுக்கு அல்ல, 'ஜின்'னுக்கு; ஒரு ஜின் 600 கிராம். நான் ஒரு மாதம் கிலோ என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பழத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். மேளம் போல அதிர்ந்தால் சாறு குறைவு. சதையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்டால் சாறு அதிகம். தேங்காய் தட்டி வாங்கிய நம் காதைச் சற்றே திருப்பிப் பழக்க வேண்டும். பறித்த பிறகு அன்னாசி மேலும் இனிக்காது, எனவே பழுக்கட்டும் என்று நாள்கணக்கில் காத்திருக்காதீர்கள். தோல் சீவித் தரச் சொன்னால் பெரும்பாலான கடைகளில் சீவித் தருவார்கள்.

பெரும்பாலும் கிடைப்பது 'தைநுங் 17', அதாவது தங்க வைரம் என்ற ரகம். கேசரிக்கு இதுவே போதும், சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். ரசத்துக்கு மட்டும் சரிப்படாது, பாயசம் மாதிரி ஆகிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் 'து ஃபெங்லீ', அதாவது நாட்டு அன்னாசி கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது எல்லோரும் வாங்குவது 'ஃபெங்லீ சூ' என்ற அன்னாசி கேக். பழைய பாணிப் பூரணத்தில் வெண்பூசணிதான் அதிகம். நார் தட்டுப்படும் புளிப்புப் பூரணம் வேண்டுமென்றால் நாட்டு அன்னாசியில் செய்ததாகக் கேட்க வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: முட்டையும் வெண்ணெயும் வழக்கம், சிலவற்றில் பன்றிக்கொழுப்பும் உண்டு. 'போலோ' என்றாலும் அன்னாசிதான்; ஆனால் 'போலோ' ரொட்டியில் அன்னாசியே கிடையாது, மேலோட்டின் கோடுகளுக்காக வந்த பெயர்.

வசந்தத்தில் அலுவலகத்தில் யாராவது பெட்டிக்கணக்கில் அன்னாசி ஆர்டர் எடுத்தால் சேர்ந்துகொள்ளுங்கள். 2021 மார்ச் 1 அன்று, பூச்சி இருப்பதாகச் சொல்லி சீனா தைவான் அன்னாசியின் இறக்குமதியை நிறுத்தியது. அதுவரை ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் போனது. அதன்பின் ஜப்பான் நிறைய வாங்கியது. உள்ளூர்க்காரர்களும் போட்டிபோட்டு வாங்கினார்கள். இங்கே இந்தப் பழத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அரசியலும் கூடவே வரும். புதியவர்கள் காதை மட்டும் கொடுப்பது நல்லது.

குளிர் வந்ததும், உப்பிலிட்டு ஊறவைத்த அன்னாசியும் பாகற்காயும் போட்ட கோழி சூப்பைத் தேடிப் போங்கள். பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியே வளர்ந்த நான் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.