பல வருடம் நின்றுபோன அம்பாசிடரை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி? சாவியைத் திருப்பும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

மரத்தடியில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற வண்டி கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, புது பேட்டரி மாட்டி சாவியைத் திருப்பிப் பார்ப்பது. நல்ல எஞ்சின்கள் வீணாவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான். சும்மா நின்ற காலத்தில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் அதை முரட்டுத்தனமாக இழுத்தால் ரிங் உடையும். ஒட்டிக்கொண்ட வால்வைத் தள்ளப் போய் புஷ் ராட் வளையும். அதனால் இந்த விளக்கத்தில் சாவி வெகு நேரம் கழித்துத்தான் வரும். பெயின்ட் அதற்கும் பிறகு.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடருக்கு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி இது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல கார் இல்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும், உதிரிபாகமும் இன்னும் கிடைக்கிறது. சென்னையில் என்றால் புதுப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை.

வாங்கும் முன்: காகிதமும் துருவும்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போகாத வண்டியில் காசு போடாதீர்கள். எவ்வளவு அழகாகச் செய்தாலும் அதைச் சாலையில் ஓட்ட முடியாது.

அடுத்தது துரு. அம்பாசிடருக்கு அடியில் தாங்கும் தனி ஃபிரேம் கிடையாது, பாடிதான் ஃபிரேம். தகடு இற்றுப்போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. மிதியடியைத் தூக்கி தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, ஜாக் வைக்கும் இடம், பின் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) முன்முனை பாடியோடு சேரும் இடம், பேட்டரித் தட்டு ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றது சொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். தரைத் தகட்டில் ஓட்டை விழுந்தால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பட்டை சேரும் இடத்தில் முனை உள்ளே போனால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

கருவிகள்

இந்த எஞ்சினில் நட்டு, போல்ட் எல்லாம் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள்தான் அதிகம் தேவைப்படும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், பிறகு உளியால்தான் எடுக்க வேண்டியிருக்கும். இதோடு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், கம்பி பிரஷ், துருவில் ஊறும் எண்ணெய், தீயணைப்பான், நான்கு ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்காதீர்கள். அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போவதும் அதே ஆபத்துதான்.

எஞ்சினை இளக்குவது

எலிக்கூட்டையும் சருகையும் முதலில் வெளியே எடுங்கள். எலி கடித்த ஒயர்களைப் படம் எடுத்துக் குறித்து வையுங்கள். பழைய பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். துருப்பொடி ஒட்டிய பிளக் இருந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையிலும் சுமார் 20 மி.லி. ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் டீசலும் எஞ்சின் ஆயிலும் போதும், நாள் கூடுதலாகும். அசிட்டோன் சட்டென்று பற்றும், பெயின்டையும் தின்னும், கவனம். ஓட்டையைத் துணியால் மூடி மூன்று நாள் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள்.

நான்காம் நாள் கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலாலோ கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டோ முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். விரல் அகலம் அசைந்தாலே வெற்றி. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் ஒரு நாள், மறுபடி அசைவு. ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகித் தொங்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேலும் அசையவில்லையென்றால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் ராக்கர் கவரை, அதாவது வால்வுகளுக்கு மேலுள்ள மூடியை, திறந்து வையுங்கள். மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்க வேண்டும். இறங்கிய வால்வு மேலே வராமல் நின்றால் அந்த ராக்கர் தளர்ந்து ஆடும். வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் ஸ்பிரிங் தலையைப் பூப்போலத் தட்டுங்கள். தானாகத் துள்ளி மேலே வரும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

கவர் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் வைத்துவிடலாம். அளவு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது வர வேண்டும். முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யுங்கள். ஆறாவது அமுங்கும்போது மூன்றாவது. கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கினால் இடைவெளி அதிகம். லேசாகப் பிடித்து இழுபட்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், இறுக்கியபின் மறுபடி பாருங்கள்.

இப்போது பழைய எஞ்சின் ஆயிலை வடியுங்கள். முதலில் தண்ணீர் கொட்டி, பிறகு பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் ஹெட் கேஸ்கட்டில் சந்தேகம் வையுங்கள். புது ஃபில்டர் போட்டு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். ஏறத்தாழ நான்கு லிட்டர் பிடிக்கும், டிப் ஸ்டிக் சொல்வதே முடிவு. ராக்கர்கள் மேலும் ஒரு டம்ளர் விடுங்கள், ஏனென்றால் மேலே எண்ணெய் ஏற நேரமாகும்.

பெட்ரோல் வழி

டேங்கில் இருப்பது பெட்ரோல் அல்ல, பெயின்ட் வார்னிஷ் மாதிரி நாறும் பிசின். டேங்கைக் கழற்றி, வடித்து, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) என்ற கணக்கில் கழுத்துவரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கலந்த நீரால் அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் வெல்டு செய்யவே கூடாது. காலி டேங்கில் மிஞ்சும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கரைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அப்படியே. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். எஸ்.யு. கார்புரேட்டர் என்றால், உள் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டதும் டக்கென்ற சத்தத்தோடு விழ வேண்டும்.

மின்சாரம்

பேட்டரி மாட்டும் முன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். டைனமோ உள்ள பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கலாம். மாற்றி மாட்டினால் சார்ஜிங் அமைப்பு பாழாகும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் (திறந்து மூடும் சிறு மின் தொடுப்பு) முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. கண்டென்சர் புதிது போடுங்கள். பிளக் ஒயர் மாட்டும் சிலிண்டர் வரிசை 1-3-4-2.

பிரேக்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரமோ பின் சக்கரமோ ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிரேக் டிரம் வராவிட்டால் அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி பிரேக் ஷூவைத் தளர்த்துங்கள். பிறகு டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு நஞ்சு. மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே பழுப்புச் சேறு இருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். நகம் மாட்டும் அளவு குழி இருந்தால் ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே விதி. வெளியில் நன்றாகத் தெரியும் பிரேக் ஓஸையும் மாற்றுங்கள். உள்ளே வீங்கிய ஓஸ் மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்பி வர விடாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

எல்லாம் மாட்டியபின் டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, தூரமான சக்கரத்தில் தொடங்கி பிரேக் குழாயில் உள்ள காற்றை எடுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். எங்கே கசிந்தாலும் மொத்த பிரேக்கும் போகும். அதனால் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இப்போது சாவி

ரேடியேட்டரை அலசி புது ஓஸ் போட்டு நிரப்புங்கள். வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பிளக் இல்லாமல் 10 விநாடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிட ஓய்வு என்று, ஆயில் பிரஷர் காட்டும்வரை சுற்றுங்கள். காட்டவே இல்லையென்றால் ஆயில் பம்பு வறண்டிருக்கிறது; ஃபில்டர் கிண்ணத்தை எண்ணெயால் நிரப்பி மாட்டி மறுபடி முயலுங்கள். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஊற்றிய எண்ணெய் எரிவதால் முதலில் புகை மண்டும், பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்டார்ட் ஆகி 10 விநாடிக்குள் பிரஷர் வராவிட்டால் உடனே அணையுங்கள்.

வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலையை அனுபவமுள்ள பட்டறையிடம் கொடுங்கள். துருவின் மேல் பட்டி பூசித் தந்தால் வாங்காதீர்கள். இரண்டே மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி ‘விஏ’ எழுத்துள்ள வின்டேஜ் பதிவு கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு பாடியும் எஞ்சினும் அசல் வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவோடு வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

டயர் 5.90-15 அளவு. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயரில் ஓட்டாதீர்கள். முதல் ஓட்டம் இரண்டு கிலோமீட்டர் போதும், பிரேக்கைக் குறைவாக மிதித்துப் போய்வாருங்கள். இறங்கியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஷூ உரசுகிறது அல்லது பேரிங் இறுக்கம் அதிகம். அந்தச் சக்கரத்தை அன்றே மறுபடி கழற்றுங்கள்.