புளோரன்ஸுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் முன்

இத்தாலியில் உள்ள புளோரன்ஸின் பழைய நகரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். இடம் சின்னது, எல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்ற தெம்பில்தான் பல பயணத் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. இரண்டு நாளில் எட்டு அருங்காட்சியகம் என்று எழுதினால், மூன்றாவதிலேயே பிள்ளைகள் உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் போதும். அந்த நான்கைந்தையும் கிளம்புவதற்கு முன்பே பள்ளியில் அளந்து, வரைந்து பழகிவிட வேண்டும்.

முதலில் காகித வேலை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் முப்பது பேருக்கு ஒரே வாரத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. கல்விப் பயணம் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விசா கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பள்ளியின் கடிதத்தில் பயணத்தின் கல்வி நோக்கத்தைத் தெளிவாக எழுதி அந்த விலக்கைக் கேளுங்கள். விசா மையம் வாங்கும் சேவைக் கட்டணம் மட்டும் தனி.

அதிகம் சிக்கல் தருவது பெயர். வருகைப் பதிவேட்டில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். விமான டிக்கெட், காப்பீடு, முன்பதிவு எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே பட்டியல் போடுங்கள். பதிவேட்டிலிருந்து நகலெடுத்தால் விமான நிலையத்தில் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்.

எந்த நாளில் எது

உஃபிட்ஸி, அகாடெமியா என்ற இரண்டு கலை அருங்காட்சியகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம். பள்ளிக் குழுவோடு அன்றைக்குப் போகவே போகாதீர்கள், கூட்டம் நெரியும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவர் என்றாலும் அரசு அருங்காட்சியகங்களில் என்றைக்குமே கட்டணமில்லை. இலவசம்தானே என்று முன்பதிவை விட்டுவிடக் கூடாது.

பெரிய தேவாலயமான சாந்தா மரியா தெல் ஃபியோரேயின் குவிமாடத்தில் ஏறத் தேதியும் நேரமும் குறித்த டிக்கெட் கட்டாயம். எனவே முதலில் இதைப் பதிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் இதைச் சுற்றி அமையுங்கள்.

குவிமாடத்தை மைதானத்தில் வரைதல்

தேவாலயத்தின் வேலை 1296இல் தொடங்கியது. குவிமாடம் வர வேண்டிய இடமோ பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. அவ்வளவு பெரிய இடைவெளிக்கு அடியிலிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுத்துக் கட்ட வழி தெரியவில்லை. 1420இல் வேலையை ஆரம்பித்த கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, அந்த முட்டு இல்லாமலே 1436க்குள் மூடினார். புகைப்படத்தில் இதன் பிரமாண்டம் பிடிபடாது. மைதானத்தில் வரைந்தால் பிடிபடும்.

குவிமாடத்தின் உள் அகலம் சுமார் 45 மீட்டர், வடிவம் எண்கோணம். நடுவில் ஒரு முளை அடித்து, 22.5 மீட்டர் கயிற்றால் சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போடுங்கள். வட்டத்தின் மேல் ஒரு புள்ளியில் தொடங்கி, 17.2 மீட்டர் கயிற்றை நேராக இழுத்து அடுத்த புள்ளியைக் குறியுங்கள். இப்படி எட்டு முறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். பெரும்பாலும் வராது, கொஞ்சம் தள்ளி நிற்கும். நைலான் கயிறு என்றால் அது இழுவைக்கு நீளுவதுதான் முக்கியக் காரணம். அளவு நாடாவையோ நீளாத கம்பியையோ வைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். மைதானம் போதாதென்றால் 11.25, 8.6 மீட்டர் என்று பாதி அளவில் போடலாம்.

அடுத்து, முட்டு இல்லாமல் எப்படி நின்றது என்பது. ஒரே உயரமுள்ள பத்துப் பன்னிரண்டு பேரை மணலிலோ மெத்தையிலோ தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிறுத்தி, மெல்ல உள்பக்கமாகச் சாயச் சொல்லுங்கள். வட்டம் மூடியிருக்கும்வரை ஒருவர் தோள் இன்னொருவரைத் தாங்கும். ஒருவரை விலக்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் உள்ளே சரிவார்கள். செங்கல் வளையங்களும் அப்படித்தான்: முழுமையடைந்த வளையம் தன்னைத்தானே தாங்கும். மூடும்வரை செங்கல் வழுக்காமலிருக்க, இடையிடையே செங்குத்தாகச் செங்கலை நிறுத்தி மீன்முள் போல அடுக்கினார்கள். குவிமாடம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூடுகள் கொண்டது. ஏறும் படிகள் அந்த இரண்டுக்கும் நடுவேதான் போகின்றன. வழியில் அந்த அடுக்கைக் கண்டுபிடித்து வரைவது ஒரு நல்ல வேலை.

படிகள் 463. லிஃப்ட் இல்லை. பாதை குறுகல், நடுவில் திரும்பி இறங்குவது சிரமம். ஒரு மாடிக்கு 23 படி என்றால் இருபது மாடி. மூன்று வாரம் முன்பிருந்தே பள்ளிப் படிகளில் ஏறி இறங்கப் பழக்குங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, அடைத்த இடத்தில் பயம் உள்ளவர்களை முன்கூட்டியே, தனியாகக் கேட்டறியுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவர்களோடு ஓர் ஆசிரியர் தேவாலய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சிற்பி கிபெர்ட்டியின் 'சொர்க்க வாசல்' கதவுகளின் அசல் அங்கேதான் இருக்கிறது. அதனால் அது இரண்டாந்தர ஏற்பாடு இல்லை.

ஓவியமும் சிலையும்

சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஓவியர் மசாச்சோ 1427 வாக்கில் தீட்டிய 'திரித்துவம்' சுவரோவியத்தை ஏ3 தாளில் அச்சடித்துக் கொடுங்கள். மேலே தெரியும் வளைவுக் கூரையின் கட்டங்களை ஸ்கேலால் கீழ்நோக்கி நீட்டினால், கோடுகள் சிலுவையின் அடிப்பக்கத்தில் சந்திக்கும். ஏறக்குறைய பார்ப்பவரின் கண் மட்டம் அது. நேரில் போனதும் அந்த மட்டத்துக்கு நேராக நின்று பார்க்கட்டும்.

மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை 5.17 மீட்டர் உயரம். பள்ளிச் சுவரில் அந்த உயரத்தை நாடாவால் குறித்து வையுங்கள். வேறொரு சிற்பி தொட்டுக் கைவிட்ட கல்லில் 1501 முதல் 1504 வரை செதுக்கியது. 1873இல் மூலச் சிலை அகாடெமியாவுக்குப் போய்விட்டது. சின்யோரியா சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்த நகல். முதலில் நகலையும் பிறகு மூலத்தையும் காட்டி வேறுபாட்டை எழுதச் சொல்லலாம். ஆடையில்லாத சிலை என்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பிலும் படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். சிரிப்பெல்லாம் இங்கேயே அடங்கிவிடும்.

பை, உடை, தெரு

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் காலமானாலும் பையில் ஒரு துப்பட்டா இருக்கட்டும். உஃபிட்ஸியில் அரை லிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது, பெரிய முதுகுப்பையையும் குடையையும் வாசலிலேயே கொடுக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலே போதும், சின்யோரியா சதுக்கத்தில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. தெருக்கள் கல் பாவியவை. புது ஷூவை இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும்.

சுற்றுலாப் பேருந்து பழைய நகருக்குள் நினைத்தபடி வர முடியாது, கேமரா வைத்து அபராதம் போடுவார்கள். இறங்கும் இடத்திலிருந்து விடுதிவரை எவ்வளவு நடை என்று முன்பே கேளுங்கள். ரயிலில் போனால், உள்ளூர் ரயில்களின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. போலி கைப்பை, கண்ணாடி வாங்கினால் வாங்கியவருக்கும் அபராதம் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். உணவகத்தில் உட்கார்ந்தாலே ஆளுக்கு 'கொப்பெர்த்தோ' என்று ஒரு தொகை பில்லில் சேரும். முப்பது பேருக்குக் கணக்குப் போட்டுப் பணம் ஒதுக்குங்கள்.

தொலைந்தால் கூடும் இடமாகத் தேவாலயத்தைச் சொல்லாதீர்கள். அதற்கு எத்தனையோ பக்கம், எல்லாப் பக்கமும் கூட்டம். சின்யோரியா சதுக்கத்தில் குதிரை மேல் அமர்ந்திருக்கும், புளோரன்ஸை ஆண்ட கோசிமோவின் சிலை என்று ஒரே ஒரு புள்ளியைச் சொல்லுங்கள். விடுதி முகவரி, ஆசிரியரின் கைபேசி எண், அவசர எண் 112 மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். கைபேசியில் பதிந்து வைத்தது போதாது. சார்ஜ் தீர்வது பெரும்பாலும் தொலைந்த பிறகுதான்.